சட்டைக்குள் இருந்த கரடிக்குட்டி

மில்சீட் ஓடை,
மேற்கு வர்ஜீனியா,
பிப்ரவரி 3.

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கச் சொல்கிறாள் உன் அம்மா. அது முழு உண்மை இல்லை, ஆனால் பயப்படும்படி ஒன்றும் இல்லை. உறையின் மேல் வேறு கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். இது நான்தான், ஹார்லன். அவள் சோபாவில் படுத்துக்கொண்டு சொல்கிறாள், நான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை கோழிக்குத் தீனி போடப் போனவள், நான் விறகை நனைய விட்டதற்காகப் பாதி வழியில் திரும்பி என்னைத் திட்டினாள். நின்று திட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். கீழே பனிக்கட்டி. வலது மணிக்கட்டும் இடது தொடை எலும்பும் உடைந்துவிட்டன. தொடைக்குள் தகடு வைத்திருக்கிறார்கள், கைக்கு மாவுக்கட்டு. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும் வரைக்கும் விறகைப் பற்றிய பேச்சு மட்டும் நிற்கவில்லை. "இதையெல்லாம் எழுதாத ஹார்லன். புள்ள அங்க பட்டாளப் பயிற்சியில துப்பாக்கியும் கையுமா நிக்கிறா, இத நெனச்சுக்கிட்டே எவனையாவது சுட்டு வைக்கப் போறா" என்கிறாள். எழுதியாகிவிட்டது. நீ குறி பார்க்கும்போது மட்டும் இதை நினைக்காதே.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கோழியும் நூடுல்ஸும் பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் கதவு மூட மாட்டேன் என்கிறது. பனியால் பள்ளிக்கூடம் அடிக்கடி லீவு, அதனால் எனக்கும் பஸ் ஓட்டும் வேலை குறைவுதான். நீ ஆறாம் வகுப்பிலிருந்து உட்கார்ந்து வந்த சீட்டில் இப்போது டாலிவர் வீட்டு இரட்டையர் உட்கார்ந்து சூயிங்கம் ஒட்டுகிறார்கள்.

திருடியைப் பற்றியும் எழுதச் சொல்கிறாள். நவம்பரில் நம் பறவைத் தீனிக் கம்பத்தை வளைத்துச் சூரியகாந்தி விதையை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டுப் போனாளே, நெஞ்சில் வெள்ளைக் கீற்று உள்ள கரடி? சமையலறை ஜன்னலில் நின்று நாம் மூன்று பேரும் பார்த்தோம். கரடிகள் தூங்கப் போகும் வரை தீனியைத் தொங்கவிடாதே என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். இப்போது கேட்டால் அப்படிச் சொன்னது தானாம், தொங்கவிட்டது நானாம். போகட்டும். வனவிலங்குத் துறை நடீன் வந்து பீப்பாய்ப் பொறிக்குள் டோனட் வைத்து அவளைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விட்டது நீ கிளம்புவதற்கு முன்னால்தானே. இப்போது வான்கோழி முகட்டுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாளாம். போன வருஷம் ஓக் காய் கொட்டோ கொட்டென்று கொட்டியது, தின்று உருண்டு திரண்டு போயிருப்பாள். கரடிக்குக் கோடையிலேயே கரு தங்கிவிடுமாம், ஆனால் வளராமல் காத்திருக்குமாம். குளிர் தொடங்கும்போது உடம்பில் கொழுப்பு போதுமென்றால்தான் வளர ஆரம்பிக்குமாம். நடீன் சொன்னது. "பாத்தியா, கரடிக்கு இருக்கிற முன்யோசனை நமக்கு இல்ல" என்றாள் உன் அம்மா. இந்நேரம் திருடிக்குக் குட்டி பிறந்திருக்கும். தின்னாமல் குடிக்காமல் ஏப்ரல் வரை படுத்தபடியே பால் கொடுப்பாள். இங்கே படுத்திருப்பவளுக்கோ காபி ஆறினால் பொறுக்காது.

அவள் தூங்கிவிட்டாள். இனி வருவது என் சொந்தச் சரக்கு.

உனக்குக் கடிதம் எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, டெஸ்ஸா. நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டதிலிருந்து ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நீயும் நானும் விருந்தாளிகள் மாதிரி மரியாதையாகவே இருந்துவிட்டோம். உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க மிஸ்டர் ஹார்லன், நன்றி மிஸ்டர் ஹார்லன். பஸ்ஸில் பழகிய பெயர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, சண்டை போடாத வீடு நல்ல வீடுதான். உன் நாய் பேஞ்சோ சுகமாக இருக்கிறான். அவனைச் சோபாவில் ஏற்றாதீர்கள் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். உன் அம்மாவின் நல்ல காலின் மேல்தான் தூங்குகிறான். வேட்டை நாயாகப் பிறந்தவன் இப்படிக் கொழுத்தால் நன்றாக இருக்காது, வெயில் எட்டிப் பார்த்ததும் முகட்டுக்குக் கூட்டிப்போய் ஓட விடலாம் என்று இருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள். சார்ஜெண்ட் கத்தினால் கத்தட்டும், பின்பக்கமாக நடக்காமல் இருந்தால் சரி.

உன் அம்மாவின் கையாக,
ஹார்லன்.


மில்சீட் ஓடை,
பிப்ரவரி 21.

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். காலணிக் கடியும், அந்த மிசிசிப்பிப் பெண்ணோடு சிநேகமானதும் கேட்டு அவளுக்குச் சந்தோஷம். அவள் சொன்ன பதிலைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இந்தத் தாள் என்னுடையது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு காரியம் நடந்துவிட்டது. உன் நாய் என்பதால் அடுத்தவர் வாயால் உனக்குத் தெரியக்கூடாது.

போன வியாழக்கிழமை மத்தியானம் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேஞ்சோவை வான்கோழி முகட்டுக்குக் கூட்டிப்போனேன். மரம் வெட்டும் பாதை முடிகிற இடத்தில் அவனை அவிழ்த்துவிட்டு, பிக்கப் வண்டியின் பின்பலகையில் காபியோடு உட்கார்ந்தேன். நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் இப்படித்தானே. நாய் ஓடும், நாங்கள் உட்கார்ந்து குரலைக் கேட்போம். தடம் பிடித்தால் இழுத்து ஊளையிடுவான், ராக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டால் வெட்டி வெட்டிக் குரைப்பான். கொஞ்ச நேரத்தில் வெட்டி வெட்டிக் குரைத்தான். அடடா, என்ன குரல் அந்தப் பயலுக்கு! பள்ளத்தாக்கு முழுக்க மணி அடித்த மாதிரி இருந்தது. எழுந்து போய் என்னவென்று பார்த்திருக்க வேண்டும். நான் இன்னொரு காபியை ஊற்றிக்கொண்டு, ராக்கூன்தான், பையன் தேறிவிட்டான் என்று கேட்டு ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது ராக்கூன் இல்லை.

மேலே ஏறிப் போனபோது சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் வேருக்கடியில் பள்ளம். உள்ளே காய்ந்த இலையும் மரப்பட்டையும் மெத்தையாகக் குவிந்து, இன்னும் சூடு இருந்தது. கரடியின் கால் தடம் முகட்டைத் தாண்டிப் போயிருந்தது. பேஞ்சோவின் மூக்கில் ஒரு கீறல், வாலை இடுக்கிக்கொண்டு நின்றான். பள்ளத்துக்குள் ஒரு குழந்தை அழுகிற மாதிரிச் சத்தம். நான் தொடவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்து நடீனுக்குப் போன் செய்தேன். தாய் திரும்பி வருவதற்கு இடம் கொடுத்து விலகி நிற்க வேண்டும் என்றாள். சில தாய்கள் வந்துவிடும். இது நம் திருடி இல்லை, வேறொரு கரடி; முதல் பிரசவம் போலிருக்கிறது, மிரண்டுவிட்டது. மறுநாள் காலை பள்ளத்தைச் சுற்றிப் புதுப் பனி, அதில் ஒரு தடம்கூட இல்லை. சாயங்காலம் வரை தூரத்தில் நின்று பார்த்தோம். அழுகை மெலிந்துகொண்டே போனது. கடைசியில் நடீன் தவழ்ந்து உள்ளே போய் எடுத்துவந்தாள். ஒரே ஒரு குட்டி. ஒரு பாக்கெட் ரொட்டி கனம் இருக்கும். கண் இப்போதுதான் திறந்திருக்கிறது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நாய் செய்யுறத நாய் செஞ்சுது, சார். அது அவ்ளோ நேரம் குரைச்சிருக்கே, நீங்க ஏன் உடனே மேல வரல?" என்று மட்டும் கேட்டாள். காபி குடித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கத்தில் செத்துப்போனேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா: "கொரலக் கேட்டே என்ன மிருகம், எந்த மரம்னு சொல்லிருவேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சியே, எங்க போச்சு அந்தக் காது?" அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

குட்டி இப்போது நடீன் வீட்டில், புட்டிப்பால் குடிக்கிறது. ஆனால் அங்கே வெகுநாள் வைத்திருக்க முடியாது. மனுஷ வாசனைக்குப் பழகிவிட்ட கரடி பிழைக்காது. ஊருக்குள் வரும், குப்பைத்தொட்டியைக் கிளறும், ஒரு நாள் யாராவது சுடுவார்கள். ஒரே வழி, குகையில் படுத்திருக்கும் வேறொரு தாயிடம் சேர்ப்பதுதான். படுத்திருக்கும்வரை தாய் தன் குட்டி, பிறத்தியார் குட்டி என்று அதிகம் பார்க்காதாம். எழுந்து வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான், மோந்து பார்த்து வேற்றுக் குட்டியைக் கொன்றுவிடும். இந்த வருஷம் மார்ச் சீக்கிரமே சூடாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் ஒரு தாய் வேண்டும்.

உன் நாயை நான் இப்படி ஒரு காரியத்துக்கு ஆளாக்கிவிட்டேன், மன்னித்துவிடு. இதைச் சரி செய்யாமல் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். பேஞ்சோவின் மூக்கு ஆறிவிட்டது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. அந்தக் குட்டியையும்.

ஹார்லன்.


மில்சீட் ஓடை,
மார்ச் 14.

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசியில் "மிஸ்டர் ஹார்லனுக்கு" என்று நீ எழுதிய அந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்தேன். "நான் பக்கத்துல உக்காந்திருந்தா அந்தக் கொரல்ல இருந்த பயத்தக் கண்டுபிடிச்சிருப்பேன், நீங்க காபிய நல்லாக் கண்டுபிடிப்பீங்க." உன் அம்மா சிரித்த சிரிப்பில் தொடை வலித்து மாத்திரை போட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். ஆறு வருஷத்தில் நீ என்னைக் கிண்டல் செய்வது இதுதான் முதல் தடவை. அந்தத் தாளை மடித்து பஸ்ஸில் வெயில் மறைப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

குட்டியைச் சேர்த்துவிட்டோம். எப்படி என்று கேள்.

பட்டை மாட்டிய தாய்களில் ஒருத்திக்குச் சொந்தமாகவே மூன்று குட்டிகள், இன்னொன்றைத் தாங்க மாட்டாள். இன்னொருத்தியின் குகையில் மழைத் தண்ணீர் புகுந்து எங்கோ இடம் மாறிப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது யார் தெரியுமா? நம் திருடி. அவளுக்கு இரண்டுதான். உன் அம்மாவிடம் சொன்னேன். "அவளா! என் விதையத் தின்னு வளத்த ஒடம்பு, அதுல கொஞ்சம் பால் குடுத்தா கொறஞ்சா போயிருவா" என்றாள். சொல்லிவிட்டு ஒரு தட்டு பிஸ்கட் சுட்டு நடீனுக்குக் கொடுத்தனுப்பு என்றாள். யார் சுடுவது? நான்தான் சுட்டேன், ஒற்றைக் கையால் அவள் அதிகாரம் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். நடீன் கருவிகளைச் சுமந்துகொண்டு ரேடியோவைக் கேட்டபடி முன்னால் போனாள். குட்டிக்குச் சூடு போகக்கூடாது என்று அதை என் கம்பளிச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டாள். டெஸ்ஸா, அது என் விரல் ஒன்றைப் பிடித்துச் சப்பிக்கொண்டே ஒரு சத்தம் போட்டது பார், பழைய தையல் மிஷின் ஓடுகிற மாதிரி, விடாமல். பால் குடிக்கும்போது குட்டிகள் அப்படித்தான் முனகுமாம். முகடு ஏறி இறங்கும்வரை அந்தச் சத்தம் என் நெஞ்சுக்கூட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. நடீன் திரும்பிப் பார்த்து, "என்ன சார், பேச்சையே காணோம்?" என்றாள். மூச்சு வாங்குகிறது என்றேன்.

திருடியின் குகை காட்டு ரோடோடென்ட்ரான் புதருக்குள், ஒரு கல்பலகைக்கு அடியில். அங்கே நிமிர்ந்து நடக்க முடியாது, தவழத்தான் வேண்டும். கிட்டே போனதும் பல்லைக் கடகடவென்று அடிக்கிற சத்தம். முழித்திருக்கிறாள். மயக்க ஊசி போட்டால் பயந்து எழுந்து ஓடிவிடக்கூடும் என்று நடீன் யோசித்தாள். கடைசியில் உன் அம்மா நெஞ்சுச் சளிக்குத் தடவுவாளே, அந்தத் தைலம் மாதிரி ஒன்றை நடீன் குட்டியின் மேல் நன்றாகத் தேய்த்தாள். அந்த நெடியில் யார் வாசனையும் தெரியாது. என் கை நீளம் என்பதால் வாசலில் வைக்கும் வேலை எனக்கு வந்தது. சேற்றில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, வாசலுக்குள் வைத்தேன்.

அது உள்ளே போகவில்லை. திரும்பி என்னிடம் வந்தது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் வந்தது. "பின்னால வாங்க சார். நீங்க இருக்கிற வரைக்கும் அது போகாது" என்று நடீன் கிசுகிசுத்தாள். அதன் நகத்தை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். சொல்வதற்கென்ன, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தைலத்தின் நெடி என்று சொல்லிக்கொண்டேன். வாசலில் அது தனியாக நின்று வீறிட்டு அழுதது. உள்ளே பல் அடிக்கும் சத்தம் நின்றது. பிறகு இருட்டிலிருந்து ஒரு முன்னங்கால் மெதுவாக வெளியே வந்து, குட்டியைச் சுற்றி அணைத்து, உள்ளே இழுத்துக்கொண்டது. அழுகையும் அதோடு நின்றது.

ஏன் நின்றது என்பதுதான் தெரியவில்லை. பால் கிடைத்ததால் நின்றதா, வேறு விதமாக நின்றதா? நடீனும் சொல்லவில்லை. அங்கே நின்று தொந்தரவு செய்யக்கூடாது, சில நாள் கழித்து வந்து காது கொடுத்துக் கேட்போம் என்று கூட்டிவந்துவிட்டாள். அன்றிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகள் கத்தினால்கூட அந்தக் குட்டி கத்துவது மாதிரி இருக்கிறது.

உன் பயிற்சி நிறைவு அணிவகுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மாவால் வர முடியாது, கண்ணு. தகடு வைத்த காலோடு ஒரு பகல் முழுக்கக் காரில் உட்காரக்கூடாது, ரத்தம் கட்டிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அழுதாள். அப்புறம் டாக்டரைத் திட்டினாள், தேறிவிட்டாள். உன் அப்பா டுவைட் ஓஹியோவிலிருந்து வருவதாகச் சொல்லியிருப்பது நல்ல செய்தி. அணிவகுப்பு முடிந்த பிறகும் நீங்கள் யாரும் அசையக்கூடாதாமே, சொந்தக்காரர் ஒருவர் மைதானத்துக்குள் வந்து தோளைத் தொட்டால்தான் விடுதலையாமே. நல்ல வழக்கம்தான். டுவைட்டிடம் நேரத்தைத் தெளிவாக எழுதிச் சொல். காலையா, மாலையா என்பதையும் சேர்த்துச் சொல்.

தைரியமாக இரு. குட்டியைப் பற்றித் தெரிந்ததும் எழுதுகிறேன், எதுவாக இருந்தாலும் மறைக்காமல்.

ஹார்லன்.


மில்சீட் ஓடை,
மார்ச் 25.

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

உன் அம்மாவின் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். இனிமேல் தானே எழுதுவாளாம், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதாம். அவள் கடிதம் நேற்றே போய்விட்டது. ஆகவே இனி உனக்கு எழுத எனக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். முதலில் குட்டி.

நேற்றுக் காலை நடீனோடு போனேன். பனி எல்லாம் உருகி ஓடை நிறைந்து ஓடுகிறது, சரிவில் காட்டுப் பூண்டு முளைத்துவிட்டது, வழியெல்லாம் அதன் வாசனை. புதருக்குள் சத்தமில்லாமல் தவழ்ந்து போய்க் கல்பலகையின் மேல்பக்கம் படுத்தோம். அங்கே ஒரு பிளவு இருக்கிறது, அதில் காதை வைத்தால் உள்ளே கேட்கும். நடீன் என்னைப் பார்த்து, "நீங்க கேளுங்க சார், நீங்கதானே இந்த ஊருக்கே காது" என்றாள். யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

காதை வைத்தேன். தையல் மிஷின் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்புறம், கொஞ்சம் கட்டைக் குரலில், விட்டு விட்டு ஒன்று. என் நெஞ்சுக்கூட்டில் ஓடிய அதே சத்தம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை இந்தக் காதை நம்பியது போதும். "நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று நகர்ந்துகொண்டேன். அவள் வெகுநேரம் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்புறம் என் முகத்துக்கு நேராக மூன்று விரலைக் காட்டினாள்.

மூன்று, டெஸ்ஸா! அந்தத் திருடி, மகராசி, எடுத்துக்கொண்டுவிட்டாள்! கீழே இறங்கி வரும்போது எனக்குப் பாட்டு வந்துவிட்டது. நடீன் காதைப் பொத்திக்கொண்டாள். உன் அம்மாவிடம் சொன்னதும், "இனிமே வருஷா வருஷம் நவம்பர்ல அவளுக்கு ஒரு மூட்டை விதை எடுத்து வை" என்றாள். அப்படிச் செய்யக்கூடாது, நடீன் நம்மைத் தொலைத்துவிடுவாள் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னும் சில வாரத்தில் வெளியே வந்து, முதல் காரியமாக மூன்றுக்கும் ஒரு நல்ல பைன் மரத்தில் ஏறக் கற்றுக்கொடுப்பாளாம். நாய்ச் சத்தம் கேட்டால் மேலே போ, நான் கூப்பிடும்வரை இறங்காதே. அடுத்த குளிரையும் குட்டிகள் அவள் கூடவே படுத்துக் கழித்துவிட்டுத்தான் தனி வழி போகுமாம். பேஞ்சோவை இனிக் குளிர்காலத்தில் முகட்டுப் பக்கம் அவிழ்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சோபாவிலேயே கிடக்கட்டும். நீ வந்து கோபித்துக்கொள்.

இப்போது உன் விஷயம்.

டுவைட் நேற்று அம்மாவுக்குப் போன் செய்தார். வருவாராம், வேலையில் லீவு கேட்டிருக்கிறாராம், கிடைத்தால் நிச்சயமாம். நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. மனுஷன் கெட்டவர் இல்லை. உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை. உன்னை அழைத்துப் போக அவர் கடை முக்குக்கு வருவதாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். நான் ஹீட்டரைப் போட்டுவிட்டு பஸ்ஸை அங்கேயே நிறுத்தி வைத்தேன். நீ பாடம் எழுதினாய், நான் செய்தித்தாள் படித்தேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருட்டுகிற நேரத்தில் உன் அம்மா ஓடிவந்தாள். அன்றைக்குத்தான் அவளை நான் முதல் முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன் என்பது வேறு கதை.

நீ இறங்கும்போது, நன்றி மிஸ்டர் ஹார்லன் என்றாய்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன் அணிவகுப்பு வாரத்தில் எனக்குப் பதிலாக பஸ் ஓட்ட ஆள் சொல்லிவிட்டேன். தேவாலயத்துப் பெண்கள் உன் அம்மாவைப் பார்த்துக்கொள்வார்கள், அதாவது அவள் அவர்களை. நான் அங்கே வந்து வேலிக்கு வெளியே எங்காவது ஓரமாக நிற்கிறேன். உன் அப்பா வந்துவிட்டால் ரொம்ப சந்தோஷம், அவர் தோளைத் தொடட்டும், நான் தூரத்திலிருந்து கை தட்டிவிட்டு அம்மாவிடம் சொல்வதற்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவேன். நீ என்னைக் கவனிக்கக்கூட வேண்டாம்.

ஆனால் எல்லோரையும் தொட்டு அழைத்துப் போன பிறகும் நீ நின்றுகொண்டிருந்தால், நான் உள்ளே வருவேன். தொடுபவர் வரும்வரை அசையக்கூடாது என்பது உங்கள் சட்டம். ஒரு பிள்ளை நிறுத்தத்தில் தனியாக நிற்கும்போது வண்டியை எடுக்கக்கூடாது என்பது என் சட்டம். உன்னதைவிட என்னது பழசு.

உனக்கு இஷ்டமில்லை என்றால் ஒரு வரி எழுதிவிடு, தப்பாக நினைக்க மாட்டேன். எழுத நேரமில்லை என்றால் எழுதவே வேண்டாம். பிக்கப்புக்கு எண்ணெய் மாற்றியாகிவிட்டது. அந்தக் கம்பளிச் சட்டையை உன் அம்மா மூன்று தரம் துவைக்கச் சொன்னாள், தைல வாசனை இன்னும் போகவில்லை. அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறேன். கூட்டத்தில் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்க்காமலே உனக்குத் தெரியும்.

கர்த்தர் உன் காலையும் தோளையும் காப்பாற்றட்டும்.

உன்,
ஹார்லன்.